விதையா, எண்ணெயா?

கேள்வி: எள்ளையும் ஆளி விதையையும் தினமும் மென்று தின்னப் பொறுமை இல்லை. அதற்குப் பதிலாக அவற்றின் எண்ணெயை ஒரு மேசைக்கரண்டி குடித்துவிட்டால் அதே சத்து கிடைத்துவிடும் அல்லவா? விதையின் சாரம்தானே எண்ணெய்?

பதில்: சாரம் என்று சொல்ல முடியாது. விதையை ஆட்டும்போது கொழுப்பும், கொழுப்பில் கரையக்கூடிய சில பொருள்களும் மட்டும்தான் எண்ணெயோடு வெளியே வரும். புரதம், நார்ச்சத்து, தாது உப்புகள் எல்லாம் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். அந்த வகையில் பிண்ணாக்கு தின்கிற மாடு கொடுத்துவைத்தது!

தோல் நீக்காத எள் 100 கிராமில் ஏறத்தாழ 50 கிராம் கொழுப்பு, 18 கிராம் புரதம், 12 கிராம் நார்ச்சத்து, 975 மில்லிகிராம் கால்சியம் இருக்கின்றன. நல்லெண்ணெயில் கொழுப்பைத் தவிர மற்ற மூன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். எனவே எலும்பு பலப்படும் என்று எண்ணெயைக் குடிப்பதில் அர்த்தமில்லை. எள்ளில் இருக்கும் கால்சியம் முழுவதும் உடம்பில் சேர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அதில் இயற்கையாகவே உள்ள ஆக்சலேட், பைட்டேட் என்ற பொருள்கள் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியம் பெரும்பாலும் தோலில்தான் இருப்பதால், தோல் நீக்கிய எள்ளில் அது மிகவும் குறைவு.

எண்ணெய் ஜெயிக்கும் இடமும் உண்டு. வைட்டமின் இ கொழுப்பில் கரைவது. சூரியகாந்தி விதை 100 கிராமில் அது சுமார் 35 மில்லிகிராம் என்றால், எண்ணெயில் சுமார் 41. எள்ளின் செசமின் போன்ற லிக்னன்கள் என்ற தாவரப் பொருள்களும் நல்லெண்ணெயில் வந்துவிடும்.

இனி ஆளி விதை. அதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒமேகா-3க்காகத்தான் வாங்குகிறார்கள். அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பின் பெயர் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். ஒரு மேசைக்கரண்டி ஆளி எண்ணெயில் அது ஏறக்குறைய 7 கிராம். அதே அளவு பொடித்த விதையில் ஒன்றரை கிராம் சொச்சம். எண்ணெய்தானே மேல் என்று தோன்றும். ஆனால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குப் போதுமானதாகப் பரிந்துரைக்கப்படுவது பெண்களுக்கு 1.1 கிராம், ஆண்களுக்கு 1.6 கிராம்தான். அது ஒரு கரண்டிப் பொடியிலேயே கிடைத்துவிடுகிறது, நார்ச்சத்தும் கூடவே வருகிறது. எண்ணெயிலோ 120 கலோரி சேரும். தவிர, இந்த அமிலத்தில் கொஞ்சத்தைத்தான் நம் உடம்பு மீனில் கிடைக்கும் வகை ஒமேகா-3 ஆக மாற்றிக்கொள்ளும். அதனால் அளவைக் கூட்டிக்கொண்டே போவதில் பெரிய லாபமில்லை.

சரி, மெல்லப் பொறுமை இல்லை என்கிறீர்கள். மெல்லவே வேண்டாம், பொடித்துவிடுங்கள். ஆளி விதையை முழுதாக விழுங்கினால் பெரும்பகுதி செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும், ஆகவே பொடிப்பதுதான் சரியும்கூட. ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். சாப்பாட்டின் மேல் தூவிக்கொண்டு, தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். மாத்திரை எடுப்பவர்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடுவது நல்லது. இதன் நார், மருந்து உடம்பில் சேர்வதைத் தாமதப்படுத்தலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

சமைக்க எப்படியும் எண்ணெய் வேண்டும். நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளட்டும். ஆளி எண்ணெயை மட்டும் அடுப்பில் ஏற்றாதீர்கள், சூடு தாங்காது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ஃபிரிட்ஜில் வைத்து, ஆறிய உணவில் சிறிது ஊற்றித் தீர்த்துவிடுங்கள். பெயின்ட் வாடையோ கசப்போ வந்துவிட்டால் மட்டும் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.