டியூஷன் வேறு, மொழி வகுப்பு வேறு: மொரீஷியஸுக்குப் புதிதாக வந்த ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா,

கோயம்புத்தூரில் ஆங்கில மீடியத்தில் படித்த மகளை இங்கே பல்கலைக்கழகத்தில் சேர்த்திருக்கிறீர்கள். பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது, அதில் அவளுக்குக் கஷ்டமில்லை. ஆனால் வேலை விளம்பரங்களில் பிரெஞ்சு கேட்கிறார்களே என்ற உங்கள் பயம் நியாயமானதுதான். நாடாளுமன்றமும் அரசாங்கக் கோப்புகளும் ஆங்கிலத்தில் இருந்தாலும், இந்த ஊரின் பத்திரிகைகள் பெரும்பாலும் பிரெஞ்சு. ஹோட்டல்களுக்கும், பிரான்ஸ் வாடிக்கையாளர்களிடம் பேசும் எபேன் அலுவலக நகரின் கால் சென்டர்களுக்கும் அது இல்லாமல் ஆகாது.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பிரெஞ்சு டியூஷனில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உடனே பணம் கட்ட வேண்டாம். அங்கே சொல்லித்தருபவர் நல்ல ஆசிரியராகவே இருக்கலாம். ஆனால் இங்கே டியூஷன் என்றால் எஸ்.சி., எச்.எஸ்.சி. என்ற பள்ளி இறுதித் தேர்வுகளுக்கான தயாரிப்பு. அங்கே வரும் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியிலிருந்தே பிரெஞ்சு படித்தவர்கள். டிவியிலும் ரேடியோவிலும் அதைக் கேட்டே வளர்ந்தவர்கள். அவர்கள் நடுவில் உங்கள் மகள் கட்டுரையை மனப்பாடம் செய்வாள், வாய் திறக்க மாட்டாள். அவளுக்கு வேண்டியது, பிரெஞ்சே தெரியாதவர்களுக்கு அடியிலிருந்து சொல்லித்தரும் ஆசிரியர். "இதற்கு முன் வெளிநாட்டவர் யாருக்காவது சொல்லித்தந்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். பதிலிலேயே தெரிந்துவிடும்.

முதலில் விசாரிக்க வேண்டிய இடம் போர்ட் லூயி பெல் வில்லேஜில் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி நிலையம். 1884-லிருந்து இந்தத் தீவில் இருக்கிறது. பிரெஞ்சு மொழித் திறனுக்குச் சான்றிதழ் தரும் டெல்ஃப் தேர்வைப் பற்றியும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அடியிலிருந்து மேலே ஏ1, ஏ2, பி1, பி2 என்று நான்கு நிலைகள். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எதிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. சான்றிதழ் காலாவதி ஆகாது. ஒரு நிலையை எழுதாமலே அடுத்ததை எழுதலாம் என்பதால் ஏ1 தேர்வுக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

வேலைக்கு உதவுவது பி2. பூஜ்யத்திலிருந்து தொடங்குபவருக்கு அதற்குச் சுமார் 500 முதல் 650 மணி நேரம் ஆகும். வாரம் நான்கு மணி நேர வகுப்பு மட்டும் போனால் மூன்று வருடப் படிப்பு முடிந்த பிறகும் இழுக்கும். மீதியை வீட்டில்தான் ஈடுகட்ட வேண்டும். டிவி5மோந்த் என்ற பிரெஞ்சு டிவியின் இலவச இணையப் பயிற்சிகள் தொடக்கத்துக்குப் போதும். ஆர்.எஃப்.ஐ. வானொலி எளிய பிரெஞ்சில் தரும் பத்து நிமிடச் செய்தியை ஏ2 தாண்டியபின் தினமும் கேட்கட்டும்.

இன்னொரு சிக்கலும் வரும். இவள் தட்டுத்தடுமாறி ஒரு வாக்கியம் பேசினால், எதிரே இருப்பவர் மரியாதைக்காக ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். தோழிகளில் ஒருத்தியிடமாவது முன்பே சொல்லி வைக்கட்டும்: மதியச் சாப்பாட்டு நேரம் பிரெஞ்சு மட்டும்தான் என்று. இங்கே எல்லோரும் அன்றாடம் பேசும் கிரியோல் மொழியைக் கற்றால் பிரெஞ்சு கெட்டுவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், விடுங்கள். கிரியோலின் சொற்கள் பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து வந்தவை, காது பழகும். பஸ்ஸிலும் கோவிலிலும் பேச அதுதான் வேண்டும். பிரெஞ்சின் வினைச்சொல் மாற்றங்களை மட்டும் வகுப்பில் தனியாகக் கற்க வேண்டியிருக்கும்.

செமஸ்டர் அட்டவணை கையில் வந்ததும் மாலை அல்லது சனிக்கிழமை வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். நிலை அறியும் தேர்வை அவளே போய் எழுதட்டும், நீங்கள் கூடப் போக வேண்டாம்.