ஸ்விங் ஜாஸையும் ரிதம் அண்ட் புளூஸையும் இணைத்த பெருங்குழுப் பதிவுகள் எவை?

ஸ்விங் என்பது 1930களில் பெருங்குழுக்கள் வாசித்த ஆட்டத்துக்கேற்ற ஜாஸ்; ரிதம் அண்ட் புளூஸ் என்பது புளூஸிலிருந்து 1940களில் வளர்ந்த, தாளம் தூக்கலான கறுப்பின அமெரிக்க இசை. இந்தக் கேள்விக்கு, அமெரிக்க ஜாஸ் கலைஞர் லயனல் ஹாம்ப்டனின் குழுவினர் டெக்கா என்னும் இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1942 மே மாதம் பதிவுசெய்த ‘ஃப்ளையிங் ஹோம்’ இசைத்தட்டையே முதலில் சுட்டுவேன். 1939இல் ஸ்விங் இசைக்கலைஞர் பென்னி குட்மனின் அறுவர் குழு அடக்கமாக வாசித்த அதே மெட்டு, இங்கே இல்லினாய் ஜாக்கெட் என்னும் இளைஞரின் டெனர் சாக்ஸபோனில் வேறு வேகம் கொள்கிறது. சுர நுணுக்கங்களைக் கோத்துச் செல்லும் அவர், ஓரிடத்தில் ஒரே சுரத்தையே விடாமல் அழுத்தி ஊதுகிறார். கூட்டம் எழுந்து ஆடுவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது. அவருக்குப் பின் வந்த ஆர்னெட் காப் முதலியோரிடமும் ரசிகர்கள் அந்தத் தனியாவர்த்தனத்தையே எதிர்பார்த்தனர்; ரிதம் அண்ட் புளூஸின் உரத்த சாக்ஸபோன் பாணிக்கு அது முன்மாதிரியாயிற்று.

பன்னிரண்டு அளவை புளூஸ் வடிவில் (பன்னிரண்டு தாளப் பகுதிகள் கொண்ட சுற்று திரும்பத் திரும்ப வரும் அமைப்பு) ஹாம்ப்டன் பாட, குழுவினர் பதிலுக்குப் பாடும் ‘ஹே! பா-பா-ரி-பாப்’, 1946இல் அமெரிக்க இசை இதழான பில்போர்டின் கறுப்பின இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அப்பட்டியலுக்கு ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்ற பெயர் 1949இல்தான் வந்தது. இதே குழுவில் பாடிப் பழகிய டைனா வாஷிங்டன் பின்னர் அத்துறையின் முன்னணிப் பாடகியானார். ஹாம்ப்டனின் ஆரவாரத்தை விமர்சகர்கள் சிலர் மலினமாகக் கருதினர். அந்த ஆரவாரமே இப்பதிவுகளின் உயிர் என்பது என் கருத்து.