தடைக்காலத்தில் ஒரு மந்திரவாதி

ஐயா, வணக்கம்.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் எர்த்சீ என்ற மாயாஜால நாவல் வரிசையில் முதல் மூன்று நாவல்களைக் கல்லூரி நாட்களில், சென்ட்ரல் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்தேன். நான்காவதான 'டெஹானு'வைச் சென்ற மாதம்தான் படித்தேன். கெட் என்ற மாபெரும் மந்திரவாதி சக்தியெல்லாம் இழந்து ஆடு மேய்க்கிறார். கடற்பயணமும் இல்லை, மந்திரப் போரும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. எங்கள் வாசிப்புக் குழுவிலோ, "நல்ல தொடரைக் கெடுத்துவிட்டார்" என்கிறார்கள். என் ரசனையில்தான் கோளாறா?

வாசகி, தண்டையார்பேட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

கோளாறு ஒன்றும் இல்லை. பிடித்த புத்தகத்துக்கு ஜாமீன் கேட்டு யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

ஆனால் உங்கள் நண்பர்களின் கோபமும் நியாயமானதுதான். முதல் மூன்று நாவல்கள் 1968, 1971, 1972இல் வந்தன. நான்காவது 1990இல். பதினெட்டு வருடம் காத்திருந்தவர்கள் பழைய கெட்டைத்தானே தேடுவார்கள்? 'பிறகு என்ன ஆனார்கள்?' என்று கல்கியையே விடவில்லையே நாம். பொன்னியின் செல்வன் முடிந்த பிறகு முடிவுரை எழுதி, ஒவ்வொருவர் கதையாகக் கணக்கு ஒப்பிக்க வேண்டியிருந்தது அவருக்கு. நாம் கேட்கும் அந்தப் 'பிறகு'வில் யாருக்கும் முழங்கால் வலிப்பதில்லை, அவ்வளவுதான்.

நானும் முதல்முறை 'டெஹானு'வைப் பாதியில் மூடி வைத்தவன். வாடை, கச்சான் என்று காற்றுக்குப் பெயர் சொல்லும் காசிமேட்டில் வளர்ந்தவன் நான். பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவனுக்கே அது கட்டுப்படும் என்ற எர்த்சீயின் மந்திரம், ஏதோ பக்கத்துத் தெரு சமாசாரம்போல எனக்குள் இறங்கியிருந்தது. அப்படிப்பட்ட தொடரில் திடீரென்று ஒரு விதவையின் வீட்டு அடுப்படி வந்தால்?

மறுபடி அதை எடுத்தது ஒரு மே மாதம். மீன்பிடித் தடைக்காலம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. துறைமுகத்தில் படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். என் சித்தப்பா விசைப்படகு ஓட்டியவர். கடலில் அவர் சொன்னால் சொன்னதுதான். தடைக்காலத்தில் திண்ணையில் வலையைப் பரப்பி, கிழிந்த கண்களை ஊசியால் பின்னிக்கொண்டிருப்பார். குடித்த டீ டம்ளர் குடித்த இடத்திலேயே கிடக்கும். சித்தி விடியும்முன் போய், ஃபைபர் படகில் வந்த மீனை ஏலத்தில் எடுத்து, அன்னக்கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்றுவிட்டு மதியம் வருவார். வந்ததும் முதல் வேலை அந்த டம்ளரை எடுப்பது. ஒருநாள் சித்தப்பாவுக்கு என்ன தோன்றியதோ, தானே சோறு பொங்கினார். கஞ்சி வடிக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டார். இருட்டில் கரை கண்டு படகைக் கொண்டுவருபவர், ஒரு பானையைச் சாய்க்கத் தெரியாமல் நின்றார். அந்த முகத்தை மறக்க முடியவில்லை.

அன்று இரவு 'டெஹானு' திறந்துகொண்டது. முதல் நாவலிலும் மூன்றாவதிலும் நாம் படகில் இருந்தோம். இதில் கரையில் நிற்கிறோம். இரண்டாம் நாவலில் கல்லறைகளின் இருட்டிலிருந்து கெட்டோடு தப்பி வந்த அதே தெனார்தான், இங்கே ஊரில் ஒரு விவசாயியின் மனைவியாக வாழ்ந்து, கணவனை இழந்து, தீயில் கருக்கப்பட்ட ஒரு குழந்தையை வளர்க்கிறாள். கப்பலில் வேலை செய்துவிட்டுத் திரும்பும் அவள் மகன் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கமாட்டேன் என்கிறான். இவனை எப்படி வளர்த்தோம் என்று அவள் நொந்துகொள்ளும் அந்த ஒரு பக்கத்துக்கு நான் பத்து மந்திரப் போர்களைக் கொடுப்பேன். எர்த்சீயில் மந்திரப் பள்ளிக்குள் பெண்களுக்கு இடமில்லை. பெண்களின் மந்திரம் பலவீனமானது என்று முதல் நாவலிலேயே ஒரு பழமொழி வரும். அப்போது அதை யோசிக்காமல் தாண்டிப்போனோம். எழுதியவர் தாண்டவில்லை, தன் உலகத்தையே திரும்பிப் பார்த்துக் கணக்குக் கேட்டிருக்கிறார்.

குறை இல்லாமலில்லை. கடைசிப் பக்கங்களில் அவசரம் தெரிகிறது. டிராகன் வந்து முடித்துவைக்கும் விதம் எனக்கு ஒப்பவில்லை.

ஒரு வேடிக்கை. 'எர்த்சீயின் கடைசிப் புத்தகம்' என்று அட்டையிலேயே போட்டார்கள். 2001இல் இன்னும் இரண்டு வந்துவிட்டன. அதில் 'தி அதர் விண்ட்' நாவலை உங்கள் குழுவுக்கு வாசிக்கக் கொடுங்கள். அதில் தெனார் அரசனைப் பார்க்கத் தலைநகருக்குப் போயிருக்கிறாள், கெட் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்.

சித்தியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த மனுஷருக்குக் கஞ்சி வடிக்கத் தெரியுமா?" என்றார்.