லைன் வீட்டுல பாஷை மாறிப்போச்சு, வாடகை ஏறிப்போச்சு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 22 வருஷமா திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் வேலை பாக்குறேன், சொந்த ஊரு தேனி பக்கம். நாங்க வந்தப்போ லைன் வீட்டுல எட்டு குடும்பமும் தமிழ்க் குடும்பம், இப்ப அஞ்சு வீட்டுல பீகார், ஒடிசா பசங்க. வாடகை ஏறிடுச்சு, கூலி ஏறல. இவங்க வந்ததாலதான்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கும் அப்படித்தான் தோணுது. தப்பா?
(ஒரு வாசகி, திருப்பூர்)

பதில்: உங்க கஷ்டம் நிஜம்மா, அதுல தப்பே இல்ல. ஒரு ரூம்ல அஞ்சாறு பசங்க சேந்து இருந்தா தலைக்கு இவ்வளவுன்னு வீட்டுக்காரர் வாங்கிடுறாரு, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பிள்ளைங்கன்னு இருக்குற குடும்பத்தால அந்த வாடகைய எப்படி குடுக்க முடியும்?

ஆனா கூலி விஷயத்துல கொஞ்சம் நின்னு யோசிங்க. 1980கள்ல எக்ஸ்போர்ட் சூடு பிடிச்சு கம்பெனி பெருகினப்ப மதுரை, தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம்னு மழை பொய்ச்ச ஊர்ல இருந்தெல்லாம் சனம் வந்து எறங்குச்சு, அப்ப உள்ளூர்க்காரங்க உங்க ஊர்ப்பக்கத்து ஆளுங்களப் பத்தியும் இதே பேச்சுதான் பேசினாங்க, நான் காதால கேட்டிருக்கேன். இப்ப உங்க பிள்ளைங்க காலேஜ் போகுதுங்க, டைலருக்கு கூடமாட துணி மடிச்சுக் குடுக்குற கைமடி வேலைக்கு போகச் சொன்னா போகுமா? போகக் கூடாதுன்னுதானே நீங்க இவ்வளவு நாள் ஒன்றரை ஷிப்ட் பாத்தீங்க. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல ஒரு பொண்ணுக்கு சராசரியா 1.8 குழந்தை, பீகார்ல 3. நம்ம பக்கம் இளவட்டம் கொறைஞ்சுக்கிட்டே வருது, அங்க ஆள் இருக்கு வேலை இல்ல, அந்தப் பையன் ரயிலேறிதானே ஆகணும்.

கூலிய பிடிச்சு வைக்கிறது எதுன்னு பாத்தா, ஆர்டர் கம்பெனில இருந்து, வெளிய கூலிக்கு தைச்சுக் குடுக்குற பவர் டேபிள் யூனிட்டுக்கு போகுது, அங்க இருந்து காண்ட்ராக்ட்காரர் கைக்குப் போகுது, ஒவ்வொருத்தரும் கொஞ்சம் எடுத்துக்கிட்டு மிச்சம்தான் சனிக்கிழமை உங்க கைல வருது. சங்கம் பேசி போடுற கூலி ஒப்பந்தம் அந்தப் பையன் வரைக்கும் போய் சேரறதில்ல, அவனுக்கு சங்கமும் தெரியாது, பாஷையும் தெரியாது. வெளிமாநில ஆளா இருந்தாலும் அதே வேலைக்கு அதே கூலி குடுக்கணும்னு 1979லயே சட்டம் போட்டாங்க. அவனுக்கு கொறச்சு குடுக்க முடியுற வரைக்கும் உங்களுக்கும் ஏத்த மாட்டாங்கம்மா, அதனால அவனையும் சங்கத்துக்குள்ள கூட்டிட்டு வாங்க, இத நான் மனசார சொல்றேன். எங்க தெரு மளிகைக் கடை அண்ணாச்சி கடலை எண்ணெய் பக்கத்துலயே கடுகெண்ணெய் பாட்டிலையும் அடுக்கி வெச்சு, விலைய இந்திலயே சொல்றாரு. ரெண்டு வருஷத்துல கத்துக்கிட்டாரு, சங்கத்தால முடியாதா?

கேள்வி: வடக்க இருந்து இத்தன லட்சம் பேரு வந்துட்டாங்கன்னு ஆளாளுக்கு ஒரு நம்பர் சொல்றாங்களே, எது சரி?
(ஒரு வாசகர், அவிநாசி)

பதில்: எல்லாமே குத்துமதிப்புதாங்க. மக்கள்தொகை கணக்கெடுப்புன்னு கடைசியா தலைய எண்ணினது 2011ல, அப்ப தமிழ்நாடு மொத்தமே 7.21 கோடி. 2021ல எடுக்க வேண்டியது தள்ளிப் போயி இப்ப 2027க்கு வந்து நிக்குது. கணக்கு இல்லாத எடத்துல வதந்தி ஈஸியா பூந்துடுது, 2023 மார்ச்ல பீகார் ஆளுங்கள இங்க அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோ பரவி, பயந்துபோய் எத்தன பேரு ஊருக்கு கெளம்பினாங்க, பீகார்ல இருந்து அதிகாரிங்களே வந்து விசாரிச்சுட்டுப் போனாங்க.

அதனால இந்த தடவ எண்ண வர்றப்போ விட்டுடாதீங்க. பகல்ல வந்தா லைன் வீடு பூட்டிக் கெடக்கும், பசங்க ஷிப்ட்ல இருப்பாங்க. பக்கத்து வீட்டுல இருக்குறவங்கதான் உள்ள அஞ்சு பேரு இருக்காங்க, ராத்திரி ஒம்பது மணிக்கு மேல வாங்கன்னு சொல்லி அனுப்பணும்.