விந்தணுத் தேர்வுக்குத் தனிக் கட்டணம் தேவையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒற்றை விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி சிகிச்சை எங்களுக்கு ஒருமுறை கைகூடவில்லை. அடுத்த முறை ஹயலூரோனன் என்ற பொருளைக் கொண்டு சிறந்த விந்தணுவைப் பொறுக்கி எடுக்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார்கள். வேண்டாம் என்றால் இருக்கிற வாய்ப்பையும் கெடுத்துக்கொள்வோமோ என்று கணவர் தவிக்கிறார்.
– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அதை மறுப்பதால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு குறையும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. இதை முதலில் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

இக்சியில் விந்தணுவைத் தேர்ந்தெடுப்பது கருவியல் நிபுணரின் கண்தான். நுண்ணோக்கியில் பார்த்து, நன்றாக நீந்துகிற, தலை ஒழுங்காக அமைந்த ஒன்றைத் தேடுகிறார். கண்ணாடி ஊசியின் நுனியால் அதன் வாலை அழுத்தி அசைவை நிறுத்துகிறார். உறிஞ்சியெடுத்துக் கருமுட்டைக்குள் செலுத்துகிறார். ஆனால் அந்தத் தலைக்குள் இருக்கும் டி.என்.ஏ. உடைந்திருக்கிறதா என்பது அவருக்குத் தெரியாது. அதைக் காட்டும் பரிசோதனைகள் உண்டு. பரிசோதித்த விந்தணு பிழைப்பதில்லை. இதுதான் இந்தத் துறையைப் பல ஆண்டுகளாக வாட்டும் சிக்கல்.

ஆகவே புதிய முறைகள் எல்லாமே மறைமுக அடையாளங்களை நம்புகின்றன. கருமுட்டையைச் சூழ்ந்திருக்கும் ஹயலூரோனனில் முதிர்ந்த விந்தணுக்களே ஒட்டும் என்பது உங்களுக்குச் சொல்லப்பட்ட முறையின் அடிப்படை. பிரிட்டனில் 2,700க்கும் அதிகமான தம்பதியரிடம் இதைச் சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். நிறைமாதத்தில் உயிருடன் குழந்தை பிறந்தது இம்முறையில் 27.4 சதவீதம், வழக்கமான இக்சியில் 25.2 சதவீதம். இந்தச் சிறு வித்தியாசம் தற்செயலாகவே வந்திருக்கலாம். கருச்சிதைவு மட்டும் சற்றுக் குறைந்தது. என்னை நிமிர்ந்து உட்காரவைத்த செய்தி அதுதான்; ஆனாலும் அது அந்த ஆய்வின் முதன்மைக் கேள்வி அல்ல, மேலும் உறுதிப்பட வேண்டும். உங்களுக்குக் கருச்சிதைவு திரும்பத் திரும்ப நேர்ந்திருந்தால் மருத்துவரிடம் இதைப் பற்றிப் பேச நியாயம் உண்டு. கரு தங்காமல் போன ஒரே முறையை வைத்து விந்தணுவின் மேல் பழி போட முடியாது. முட்டையின் வயதுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு, விந்தணுவின் டி.என்.ஏ. சேதத்தை ஓரளவு சரிசெய்வதே முட்டைதான்.

“கருத்தரிப்பு விகிதம் கூடும்” என்று மருத்துவமனையில் சொன்னால், குழந்தை பிறந்த விகிதம் என்ன என்று கேளுங்கள். கணவரை ஆண்கள் நல மருத்துவர் ஒருவர் நேரில் பரிசோதித்தாரா? விதைப்பை இரத்தநாள வீக்கம், புகைப்பழக்கம், அண்மையில் வந்த கடும் காய்ச்சல் இவற்றையெல்லாம் யாராவது விசாரித்தார்களா? ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. புகையை இன்று விட்டால் அதன் பலன் அதற்குப் பிறகே தெரியவரும். உங்கள் வயது இடம்கொடுத்தால், அடுத்த முறைக்கான தேதியை அதற்கேற்பத் தள்ளிவைக்கலாமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.