கருப்பு கவுனி அரிசி வேகவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?

முதல் தடவை வாங்கி, சாதாரண பச்சரிசி மாதிரி அரை மணி நேரம் ஊறவைத்து மூன்று விசில் விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது போதாது. கவுனியில் தவிடு நீங்காமல் இருக்கும், தண்ணீர் உள்ளே இறங்க நேரம் பிடிக்கும், அதனால் முந்தின ராத்திரியே ஊறப்போட்டுவிடுங்கள். குறைந்தது 8 மணி நேரமாவது ஊறட்டும். ஊறிய தண்ணீர் கருநீலமாக மாறும், சாயம் கலந்துவிட்டார்களோ என்று பயப்பட வேண்டாம், தவிட்டில் உள்ள ஆந்தோசயனின் நிறமிதான் அது, கொட்டாமல் அதிலேயே வேகவையுங்கள். ஒரு கப்புக்கு மூன்று கப் தண்ணீர், குக்கரில் ஏழெட்டு விசில். ஒரு பருக்கையை விரலில் நசுக்கிப் பாருங்கள், நடுவில் வெள்ளையாகக் கடினமாக இருந்தால் இன்னும் வேக வேண்டும்.

இனிப்பாகச் செய்வதென்றால் முக்கியமாக, முழுசாக வெந்த பிறகுதான் சர்க்கரை. முன்னாலேயே போட்டால் அரிசி அப்படியே விறைத்து நின்றுவிடும், அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் சரியாக வேகாது. செட்டிநாட்டுப் பக்கம் செய்கிற மாதிரி தேங்காய்த் துருவல், நெய், ஏலக்காய் சேர்த்துக் கிளறினால் போதும். இட்லி, தோசையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், எனக்கென்னவோ கவுனிக்கு இனிப்புதான் பொருத்தம்.