ஆர்க்கிட்டும் வாசல் மரமும்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, போன வருஷம் பூவோடு வாங்கிய ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட். இலை தளதளவென்று இருக்கிறது, மறுபடி பூக்கவே இல்லை. வீடு தாம்பரம்.

பதில்: செடி மேல் தப்பில்லை, சென்னை வெக்கை மேல்தான். புதிதாகப் பூந்தண்டு விட அதற்குச் சில வாரம் குளிர்ச்சி வேண்டும். எப்போதும் 25 டிகிரிக்கு மேலேயே இருந்தால் இலையாக விட்டுக்கொண்டிருக்கும். மார்கழி, தை இரவுகளில் சன்னல் ஓரம் வைத்துப் பாருங்கள். அடுத்து வாங்குவதானால் டென்ட்ரோபியம் என்கிற ஆர்க்கிட் வகையை வாங்குங்கள். காலை வெயில் படும் பால்கனி போதும், நம்ம ஊர் சூட்டிலேயே பூக்கும்.

கேள்வி: தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை?

பதில்: நாள் கணக்கு வேண்டாம், வேரைப் பாருங்கள். காய்ந்த வேர் சாம்பல் பூசியதுபோல் வெளிறியிருக்கும். தண்ணீர் பட்டதும் கண்ணெதிரே பச்சையாகும். வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஓர் உறை. அது நனைந்தால் உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். மறுபடி வெளிறிய பிறகே ஊற்றுங்கள், அதுவும் காலையில். நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அழுகும். ஆர்ஓ மிஷின் கழித்துத் தள்ளும் தண்ணீர் வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் சேர்கிறது.

கேள்வி: செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து நடலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம். என் முதல் இரண்டு செடிகளையும் அப்படித்தான் கொன்றேன். இவை காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளர்பவை, வேருக்குக் காற்றோட்டம் வேண்டும். அடுப்புக்கரி, ஓட்டுச்சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு போதும்.

கேள்வி: வாசலில் குல்மோகர் வைக்க ஆசை.

பதில்: பூத்தால் கண்ணை எடுக்க முடியாதுதான். ஆனால் கிளை சட்டென்று முறியும், வேரும் மேலாகவே ஓடும். 2016 வர்தா புயலுக்கு அடுத்த நாள் தெருவில் கிடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சரக்கொன்றை வையுங்கள். விதைத்தோல் கெட்டி, உப்புத்தாளில் தேய்த்து ஓர் இரவு ஊறவைத்துப் போடுங்கள்.

கேள்வி: எங்களுக்கு நாலடி இடம்தான் இருக்கிறது அக்கா.

பதில்: அப்படியானால் பெரிய தொட்டியில் ஈழத்தலரி, நர்சரியில் ப்ளூமேரியா என்று கேளுங்கள். தெரிந்தவர் வீட்டில் ஒரு கிளை கிடைத்தாலும் போதும். ஒடித்த கையோடு நட்டுவிடாதீர்கள். பால் வடிந்து வெட்டுவாய் காயும்வரை ஒரு வாரம் நிழலில் போட்டு வையுங்கள்.